உன் அத்தை ஊற்றிய தண்ணீர்

கண்ணு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, பெற்ற மகனுக்கு ஒரு தாய் கடிதம் எழுதுவது வெட்கக்கேடுதான். ஆனால் நீ வேறு வழி வைத்தாயா? உன் அத்தை ஊரான கருமத்தம்பட்டி என்று நான் வாயைத் திறந்தாலே தட்டில் கையை உதறிவிட்டு எழுந்து போய்விடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை பாதித் தோசை அப்படியே கிடந்தது. இனிமேல் தோசை வீணாக வேண்டாம் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். இதை உறையில் போடப்போவதில்லை. உன் மேசைமேல் விரித்தே வைக்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் படித்தாலும் சரி, கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் படித்தாலும் சரி, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. நான் பேசும்போது நீ எழுந்து போகலாம். காகிதம் உன் பின்னால் வராது, ஆனால் நீ திரும்பி வரும்போதும் அங்கேயே இருக்கும்.

தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டை வண்டியில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டு வந்தாய். அவினாசி ரோட்டில் கருமத்தம்பட்டியைத் தாண்டித்தான் போனாய், அதைத் தாண்டித்தான் வந்தாய். வண்டியை நிறுத்தவில்லை. உன் அப்பாவோடு கூடப்பிறந்தவள் உன் அத்தை ஒருத்திதான். எங்கள் கல்யாணத்தில் உன் அப்பா எனக்குத் தாலி கட்டுவதற்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் வாங்கியவள். வருகிறவள் யாராக இருந்தாலும் கூடப்பிறந்தவளுக்கு இந்த வீட்டில் இருக்கிற இடம் போகாது என்று ஊர் முன்னால் வைத்துச் சொல்வதற்குத்தான் அந்தச் சீர். முதல் பத்திரிகை அவளுக்குப் போயிருக்க வேண்டும். கடைசிப் பத்திரிகைகூடப் போகவில்லை. பிறந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் ஒரு பெண்ணை உட்கார வைப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்கிறாய்.

காரணம் எனக்கும் தெரியும். உன் அப்பா தீவிர சிகிச்சையில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில், சொந்தபந்தம் எல்லாம் நின்றுகொண்டிருந்த இடத்தில், நீ அவளைப் பார்த்து, “எங்கப்பாவ நீங்கதான் கொன்னுபோட்டீங்க அத்தை” என்றாய். அந்த வார்த்தையைச் சொல்லும்போதுகூட ‘ங்க’ விடாமல் சொன்னாய். வளர்ப்பு அப்படி. உன் அத்தை முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் லிஃப்ட் பக்கம் போய்த் திரும்பி வந்து, அப்புறம் இறங்கிப் போனாள். நான் உன்னை அடக்கவில்லை. எனக்கும் அதே கோபம்தான். நீ சொல்லியிராவிட்டால் நானே சொல்லியிருப்பேன். உன் அப்பா போய் ஒரு வருஷம் ஓடியும் அந்தக் கோபத்தை நான் விடவில்லை. இப்போது என்னிடம் அது இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

சிங்காநல்லூரில் நம் ஷெட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண் படித்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். துணியில் அச்சடிக்கிற சாயம் தண்ணீராக இருந்தால் பூவுக்கு வரைந்த கோட்டைத் தாண்டி ஓடிவிடும். ஓடாமல் அதைப் பிடித்து நிறுத்தக் கலப்பதுதான் நாம் செய்கிற சரக்கு. முதலில் புளியங்கொட்டையை வறுத்து அரைத்த மாவில் ஆரம்பித்தோம். ஷெட்டுக்குள் எந்நேரமும் ஒரு கருகல் வாசம் அடிக்கும். பிறகு வடக்கேயிருந்து மூட்டையில் குவார் கம் வந்தது, கொத்தவரை விதையிலிருந்து எடுக்கிற கோந்து. அதற்கும் பிறகு டிரம்மில் பால் போல் வெள்ளையாக இருக்கும் சிந்தெடிக், ஆலையில் செய்கிற செயற்கைக் கோந்து. உன் அப்பா விற்பார், நான் சோதிப்பேன். நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதற்காகத்தான் பெண் கேட்டு வந்தார்கள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சும்மா சொல்லக்கூடாது, பாதி உண்மைதான். கலக்கி, ஊறவிட்டு, சுழல் கருவியில் கெட்டி பார்த்து, துணியில் அடித்து, துவைத்து, காயவைத்துத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் சரி என்பேன். “பரவால்ல, அனுப்பிப்போடலாம் அம்மணி” என்பது அவருடைய வாய்ப்பாட்டு. இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன் என்பது என்னுடையது. பனியன் கம்பெனிக்காரர்கள் அவரோடு பேசத்தான் பிரியப்படுவார்கள். ஆனால் சரக்கு வாங்கும்போது வீட்டம்மா பார்த்தாங்களா என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

அந்த மஞ்சள் வாத்து விவகாரம் உனக்கு நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். குழந்தைச் சட்டையில் வாத்து அச்சடிக்கிற ஒருவருக்கு நம் சிந்தெடிக் போனது. நான் சோதித்து அனுப்பிய சரக்கு. அங்கே போய் வாத்தின் மூக்கெல்லாம் வழிந்து, சளி பிடித்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அவர் போனில் சத்தம் போட்டார். உன் அப்பா உன்னையும் கூட்டிக்கொண்டு போனார். போன இடத்தில் வெயிலுக்குத் தண்ணீர் கேட்டு, அவர்கள் பட்டறையில் இருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு வாங்கி, வழக்கம்போல அண்ணாந்து ஊற்றிக்கொண்டவர், பாதியில் நிறுத்திவிட்டு அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார். நான் சோதித்த தண்ணீர் வேறு, இவர்கள் கலக்குகிற தண்ணீர் வேறு, இது ஒரே உப்பு என்றார். சிந்தெடிக்கில் உப்பு பட்டால் போதும், கூழாக நின்றது நீர்மோராக ஓடிவிடும். எனக்கு அது தெரியாதா? பாடமாகவே தெரியும். ஆனால் சுத்தமான தண்ணீரை வைத்துச் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். அன்றிலிருந்து சரக்கு எங்கே போய்ச் சேரப்போகிறதோ அந்த இடத்துத் தண்ணீரில் கலக்கிப் பார்க்காமல் எதையும் நான் அனுப்பியதில்லை.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் செய்ததெல்லாம் இதே வேலைதான். வலது கையும் காலும் போயின. பேச்சு குழறினாலும் நமக்குப் புரிந்தது. எல்லாவற்றையும் விட மோசம், விழுங்குகிற தசை சொன்னபடி கேட்கவில்லை. தண்ணீர் மாதிரி மெல்லிசாக எது போனாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போகும், இருமல்கூட வராமல் போகும், அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும் என்று டாக்டர் சொன்னார். விழுங்கப் பழக்குகிற அந்தச் சின்னப் பெண் வந்து, தண்ணீரைக் கெட்டியாக்கி, மோவாயை நெஞ்சில் பதித்துக் குனிந்தபடி, ஸ்பூன் ஸ்பூனாகத்தான் தர வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். டாக்டர் சொல்லி முடித்ததும் உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. ஊரார் சாயத்தையெல்லாம் கெட்டியாக்கி விற்ற மனிதன்.

நம் ஜனங்கள் தண்ணீர் குடிக்கிற விதம் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு எமனாக வந்தது. எச்சில் படக்கூடாது என்று செம்பைத் தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொள்வது. டம்ளரில் வாய் வைத்தால் என் மாமியார் டம்ளரையே தனியாக எடுத்து வைத்துவிடுவார். உன் அப்பா வாழ்நாளில் ஒரு பாத்திரத்தில் உதடு வைத்ததில்லை. தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அதற்குள்ளேயே ஊற்றுகிற மாதிரி என்று அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினாள். படம் நமக்குப் புரிந்தது, அவர் கழுத்துக்குப் புரியவில்லை. ஸ்பூன் கிட்டே வந்தாலே தலை தானாகப் பின்னால் போகும். நான் இடது உள்ளங்கையை அவர் பிடரியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டுதான் வலது கையால் ஊட்டுவேன். அந்தக் கழுத்து என் கையைத் தள்ளும். மனசு தள்ளுவதில்லை, பழக்கம் தள்ளுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

தண்ணீரைக் கெட்டியாக்க மருந்துக் கடையில் கொடுத்த டின் ஸ்டார்ச் பவுடர். முதல் தடவை கலக்கிக் கொடுத்தபோது ஒரு வாய் விழுங்கிவிட்டு, “ஏனம்மணி, நம்ம டிரம்ல இருந்தே எடுத்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டார். சிரித்தோம், நீயும் சிரித்தாய். ஷெட்டில் மூட்டை மூட்டையாகக் கோந்து கிடந்தும் அதில் ஒரு சிட்டிகையைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, சாயத்துக்குச் சேர்ப்பதெல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஒருநாள் அவர் பாதி சாப்பிட்ட கிண்ணத்தை ஸ்பூனோடு அப்படியே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், கெட்டியாக இருந்தது தண்ணீராகக் கிடந்தது. எச்சில் பட்டால் ஸ்டார்ச் கரைந்துவிடும். கிண்ணத்தில் நான் பார்த்த கெட்டி, அவர் தொண்டைக்குப் போகும்போது இல்லை. மறுபடியும் அதே வாத்துக் கதை. அன்றைக்கே அந்த டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கென்று விற்கிற சாந்தன் கம் வாங்கி வரச் சொன்னேன். அது எச்சிலுக்கும் உப்புக்கும் அசையாது. ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊற்றி, எவ்வளவு வழிகிறது எவ்வளவு நிற்கிறது என்று ஒவ்வொரு வேளையும் பார்த்துவிட்டுத்தான் ஊட்டினேன். ரசம் வேறு, பால் வேறு, மோர் வேறு, ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. உன் அப்பாவுக்கு நான் கொடுத்தது ஒரு வேளையும் தப்பியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தோடுதான் ஒரு பகல் முழுக்க நானும் அதையே குடித்துப் பார்த்தேன். அவர் என்ன பாடுபடுகிறார் என்று தெரிய வேண்டாமா? கலக்கிய தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று ஆரம்பித்தேன். வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. வயிற்றுக்குள் தண்ணீர் போகிறது, தாகம் மட்டும் நாக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பொழுது சாயும்வரைகூட என்னால் தாங்க முடியவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொண்டேன். சிறுவாணித் தண்ணீர் அவ்வளவு ருசி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் காதில் விழாமல் செம்பைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கண்ணெதிரே நான் தண்ணீர் குடித்ததே இல்லை. உனக்கும் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. சொன்னால் நீ இளகிவிடுவாய் என்ற பயம்.

அவர் முதலில் வெளிப்படையாகக் கேட்டார். அப்புறம் கெஞ்சினார். அதுவும் பலிக்காமல் போனபோது தந்திரம் செய்ய ஆரம்பித்தார். ஒரு சாயங்காலம் நீ கம்பெனியிலிருந்து வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்தாய். “உன்ற அம்மா சொல்லிப்போட்டா, இன்னைக்கிருந்து பச்சைத் தண்ணி குடிக்கலாமாம்” என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் உன்னிடம் சொன்னார். நீ சந்தோஷமாக எழுந்து டம்ளரில் பிடித்துவிட்டாய். ஏதோ தோன்றி, சமையலறைக்கு வந்து என்னைக் கேட்டாய். அதனால் தப்பித்தோம். மறுநாள் அந்தச் சின்னப் பெண்ணிடமும் டாக்டர் சொல்லிவிட்டார் என்று இதே கதையை விட்டிருக்கிறார், அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நாமும் சிரித்தோம். ஆனால் நீ அன்றைக்கே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் ‘தண்ணீர் கொடுக்கக் கூடாது’ என்று எழுதி, கட்டிலுக்கு மேலே அவர் தலைமாட்டில் மாட்டினாய். அவரால் அதைப் பார்க்க முடியாது, வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். நீ மாட்டி முடித்ததும் அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது சரியான அட்டைதான், கண்ணு. நான் குறை சொல்லவில்லை. அவர் முகம் திரும்பியதையும் நாம் பார்த்தோம் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த நாளைப் பற்றி உனக்கும் தெரியும். டிரம் ஒன்று கட்டி தட்டிவிட்டது, வந்து பாருங்கள் என்று நீதான் என்னைக் கூப்பிட்டாய். துணைக்கு வைத்திருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு நான் ஷெட்டுக்கு வந்தேன். நான் கிளம்பிய பிறகு உன் அத்தை கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். பெரியவர் பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று அந்தப் பெண் மாடியில் துணி காயப்போடப் போய்விட்டாள். நாம் திரும்பி வந்தபோது அவர் உதடு நீலம் பாரித்து, மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. உன் அத்தை அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றாள். கட்டிலுக்குக் கீழே செம்பு உருண்டு கிடந்தது. அட்டை அதே இடத்தில் தொங்கியது. அதைப் படிக்கத் தெரியாதவள் இல்லை அவள், அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. உன் கோபம் அங்கேதான் மூண்டது. படித்துவிட்டும் கொடுத்தாளே என்று. பிறகு ஆஸ்பத்திரி, குழாய், கண்ணாடிக் கதவு. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு முற்பகல் நான் கருமத்தம்பட்டிக்குப் போய்வந்தேன். கோயிலுக்கு என்று உன்னிடம் சொன்னேன். நான் நங்கை என்று கூப்பிடுகிற உன் அத்தை, ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அடையாளமே தெரியவில்லை. ரவிக்கையின் கை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்ததும் வா அம்மணி என்று எழுந்தாள், எழுந்தவள் சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். மருமகளைக் கூப்பிட்டு, வந்தவங்களுக்குத் தண்ணி குடு சாமி என்றாள். வாசல் ஏறியவருக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் நம் ஊரில் எவரும் பேச்சையே ஆரம்பிப்பார்கள். அவள் கையால் நான் எத்தனை செம்பு வாங்கிக் குடித்திருப்பேன். மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள், ஒரு வருஷமாக அத்தை யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதில்லையாம். பேரப்பிள்ளை அழுதுகொண்டு கேட்டாலும் அம்மாவிடம் போ என்று அனுப்பிவிடுகிறாளாம்.

நான் சோதிக்கிறவள், எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. அட்டையைப் பார்த்தீங்களா நங்கை என்று நேராகவே கேட்டுவிட்டேன். பார்த்தேன் என்றாள். பார்த்துவிட்டுமா கொடுத்தீர்கள் என்றேன். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அட்டையில் இப்படி எழுதியிருக்கிறதே தம்பி என்று இவள் கேட்டிருக்கிறாள். “அது பழசுக்கா. அம்மணி சொல்லிப்போட்டா, இன்னைக்கிருந்து பச்சைத் தண்ணி குடிக்கலாமாம்” என்றாராம்.

அதே வார்த்தை, கண்ணு. உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. என்னைச் சொல்கிற பேரைத் தவிர ஒரு எழுத்து மாற்றவில்லை மனிதன். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. உன் அத்தை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். உன்னிடம் விட்ட கதையையும் அந்தச் சின்னப் பெண்ணிடம் விட்ட கதையையும் நான் சொன்னேன். அவளுக்கு அது ஒன்றும் தெரியாது, நாம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இத்தனை நாளும், தான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டோம், அவர் குழறிச் சொன்னதைத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதை ஏன் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, அவன் அப்படிப் பேசியபோது ஏன் வாயை மூடிக்கொண்டு போனீர்கள் என்று கேட்டேன்.

“உசுருக்குப் போராடிட்டுக் கெடக்கறவன் பொய் சொன்னான்னு அவன் மகன்கிட்ட நானே சொல்றதா அம்மணி? என்ற தம்பியில்ல அவன். கொன்னவளாவே இருந்துட்டுப் போறேன்னு வந்துட்டேன்.”

அப்புறம் கேட்காமலே மீதியையும் சொன்னாள். அவரே கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டாராம். சின்ன வயசில் தோட்டத்துக் கிணற்றடியில் அவருக்கு ஊற்றுகிற மாதிரியே உயரப் பிடித்து ஊற்றியிருக்கிறாள். நாலைந்து மடக்கு போயிருக்கிறது. குளுகுளு என்று இருக்கிறதக்கா என்றாராம், குழறாமல், தெளிவாக. அதற்கப்புறம்தான் இருமினார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்ததற்கு அழாத அழுகையெல்லாம் அன்றைக்குத்தான் வந்தது.

எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன். கடைசிவரை கொடுத்திருக்க மாட்டேன். அது அவருக்குத் தெரியும், அதனால்தான் என் பெயரைச் சொல்லி வேறொருத்தியிடம் வாங்கிக் குடித்தார். நீ மாட்டேன் என்பாய், நான் மாட்டேன் என்பேன், சம்பளத்துக்கு வந்த பெண்ணும் மாட்டேன் என்பாள். அவர் கேட்டு இல்லை என்று சொல்லத் தெரியாத ஒரே ஆள் இந்த உலகத்தில் உன் அத்தைதான். அவளிடமும் நேரடியாகக் கேட்டிருந்தால் அவள் அட்டையைப் பார்த்துப் பயந்திருப்பாள். அதற்குத்தான் அந்தப் பொய். நாற்பது வருஷம் வியாபாரம் பார்த்தவர், யாரிடம் எதைச் சொன்னால் நடக்கும் என்று தெரியாதா அவருக்கு? மெல்லிசானது எங்கே ஓடும் என்றும் அவருக்குத் தெரியாமல் இல்லை. அதற்காக அவர் சாகத் துணிந்தார் என்று நினைத்துக்கொண்டு நீ கிடந்து உழலாதே. அவருக்குத் தண்ணீர் குடிக்க ஆசை. ஒரு மனிதனுக்கு அது இருக்கக்கூடாதா?

நான் கலக்கிக் கொடுத்ததும் தப்பில்லை, நீ அட்டை மாட்டியதும் தப்பில்லை. மறுபடியும் ஒருவருக்கு அப்படி வந்தால் நான் இதையேதான் செய்வேன், சிரிஞ்சில் ஊற்றிப் பார்க்காமல் ஒரு ஸ்பூன் கொடுக்க மாட்டேன். ஆனால் உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். நீ என்னை மாதிரி. சரியாகச் செய்துவிட்டோம் என்றால் அதோடு முடிந்தது என்று நினைப்பவன். வரப்போகிற பெண்ணுக்கு உன்னிடம் ஏதாவது வேண்டும் என்று இருக்கும்போது, அது சரியா தப்பா என்று மட்டும் பார்த்துவிட்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்காதே. மாட்டேன் என்று சொன்ன பிறகும் அந்த ஆசை அங்கேயே இருக்கும். உன்னிடம் கிடைக்காது என்று தெரிந்தால் அவள் உன்னிடம் கேட்பதையே விட்டுவிடுவாள். உன் அப்பா என்னிடம் கேட்பதை விட்டது எந்த நாளில் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அட்டை மாட்டிய நாளா, அதற்கும் முன்னாலா என்று தெரியவில்லை. கேட்கவில்லையே, சமாதானம் ஆகிவிட்டார் போல என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

உன் அத்தையைக் கல்யாணத்துக்கு நான் அழைக்கவில்லை. அழைத்தால் வருவாள், மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிடாமல் போய்விடுவாள். எனக்கு அது வேண்டாம். புருஷனை இழந்தவள் நான், மணமேடையில் எங்கே நிற்க வேண்டும் என்று ஊர் சொல்லுமோ அங்கே நின்றுகொள்கிறேன். உன் அப்பா இடத்தில் நிற்க அவர் ரத்தம் என்று அவள் ஒருத்திதான் மிச்சம். அவள் முன்னால் நிற்க வேண்டும். அதற்கு நீ போக வேண்டும், தனியாகப் போக வேண்டும். என் பெயரையும் சொல்லாதே, இந்தக் கடிதத்தையும் சொல்லாதே. மன்னிப்புக் கேட்கிறேன் என்று வசனம் பேசாதே, அவளுக்கு அது தாங்காது, உனக்கு அது வராது.

பகலில் போ, வெயிலில் போ. வாசலில் நின்று ஏனுங்க அத்தை என்று கூப்பிடு. எழுந்து வருவாள். உன் முகத்தைப் பார்த்து நடுங்குவாள். உட்காரச் சொல்வாள், மருமகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கச் சொல்வாள். மருமகள் கொண்டுவருவதை நீ வாங்காதே. நீங்க குடுங்க அத்தை என்று சொல். மாட்டேன் என்று தலையாட்டுவாள். அழுவாள். நீ அசையாதே. அவள் உள்ளே போய், தன் கையாலேயே மொண்டு எடுத்து வரும்வரை உட்கார்ந்திரு. எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திரு. வாங்கி, அவள் பார்க்கப் பார்க்க, சொட்டு மிச்சம் வைக்காமல் குடி. குடித்துவிட்டு அப்புறம் பத்திரிகையைக் கொடு.

— அம்மா